தலைக்கு அடித்த டை சொதப்பிவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கலர் தவறிய தலைமுடி பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டாவது பாக்கெட்டில்தான். வந்த நிறம் பிடிக்கவில்லை, நாளைக்குக் கல்யாண வீடு, இப்படியே எப்படிப் போவது என்று அன்றைக்கு ராத்திரியே கடைக்கு ஓடி, வேறொரு ஷேடை வாங்கிவந்து மேலேயே பூசிவிடுகிறார்கள். சுலபமாகச் சரிசெய்திருக்கக்கூடிய ஒரு செம்பு நிறம், விடிந்தால் வேரில் ஒன்று, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று என்று மூன்று நிறமாக நிற்கும். அதற்கப்புறம் அதைச் சரிசெய்ய பார்லரில் ஆகும் செலவு, முதலிலேயே பார்லருக்குப் போயிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பல மடங்கு.

ஆகவே முதலில் பாக்கெட்டைக் குப்பையில் போடாதீர்கள். தலையில் போனது என்ன என்று தெரியாமல் எந்த வைத்தியமும் சொல்ல முடியாது.

இரண்டு பொருளைக் கலந்து பூசும் க்ரீம் டை என்றால் அது நிரந்தர டை. அதில் ஒன்று டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது முடியின் சொந்த நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்து, சாயத்தை முடிக்குள்ளேயே உருவாக்கிவிடும். தண்ணீரில் மட்டும் கலக்கும் கறுப்புப் பொடியின் மேல் 'மூலிகை', 'ஹென்னா' என்றெல்லாம் எழுதியிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் பாரா-ஃபினைலீன்டைஅமின், சுருக்கமாக பி.பி.டி., இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுவும் நிரந்தர டைதான், பொடி வடிவில். சுத்தமான மருதாணி, அவுரி (இண்டிகோ இலைப் பொடி) இரண்டும் தனி வகை. நீலம், பிங்க், வயலெட் போன்ற ஃபேஷன் கலர்கள் பெரும்பாலும் முடியின் மேலோடு ஒட்டி, கழுவக் கழுவப் போய்விடும் வகை. ப்ளீச் நிறம் எதையும் தராது, இருப்பதை எடுக்கத்தான் செய்யும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல இடங்களில் தேவைப்படும். டைக்கு மேல் வெளிர் டை போட்டால் முடி வெளுக்காது. கறுப்புச் சட்டையைப் பழுப்புச் சாயத்தில் முக்கினாலும் அது கறுப்புச் சட்டைதான். ஏற்கெனவே இருக்கும் சாயத்தை எடுக்க வேண்டும் என்றால் ரிமூவரோ ப்ளீச்சோ வேண்டும், இல்லையென்றால் முடி வளரக் காத்திருக்க வேண்டும்.

எரிகிறது, அரிக்கிறது, கண் இமை வீங்குகிறது

இங்கே நிறத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். டை தலையில் இருக்கும்போது லேசாகச் சுருக்கென்று இருப்பது டெவலப்பராலும் அம்மோனியாவாலும் வருவது, கழுவினால் அடங்கிவிடும். எரிச்சல் ஏறிக்கொண்டே போனால், 'இன்னும் பத்து நிமிஷம்தானே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராமல் உடனே கழுவுங்கள். பாதி நேரத்தில் கழுவியதால் வந்த அரைகுறை நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அலர்ஜி என்பது வேறு. பி.பி.டி. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது அன்றைக்கே தெரிய வேண்டும் என்றில்லை. சில மணி நேரம் கழித்தோ, இரண்டு மூன்று நாள் கழித்தோ காதோரம், நெற்றி விளிம்பு, பிடரி எல்லாம் அரித்துத் தடிக்கும், நீர் கசியும். கண் இமை வீங்கிக் கண்ணைத் திறக்க முடியாமல் போவதும் உண்டு. 'பத்து வருஷமாக இதே டைதான் போடுகிறேன், இதுவாக இருக்காது' என்று பலர் சொல்வார்கள். வருஷக்கணக்கில் ஒத்துக்கொண்ட டையே ஒருநாள் திடீரென்று ஒவ்வாமல் போவது இதில் சகஜம்.

சாதாரணத் தண்ணீரில் மென்மையான ஷாம்பு போட்டுத் திரும்பத் திரும்ப அலசுங்கள். தயிர், எலுமிச்சை, மஞ்சள் எதையும் புண்ணான தோலில் அப்ப வேண்டாம். பாக்கெட்டோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், அது வீட்டில் காத்திருக்கும் விஷயமே இல்லை. கண்ணுக்குள் டை போயிருந்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். புருவத்துக்கும் இமைக்கும் தலை டையைத் தொட்டுவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் பி.பி.டி. உங்களுக்கு இனி ஆயுசுக்கும் ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை கொஞ்சமாகப் போடலாம், வேறு கம்பெனி போடலாம் என்பதெல்லாம் ஆபத்து. கறுப்புப் பொடி டையிலும், கையில் சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற கறுப்பு மருதாணியிலும் இருப்பது பெரும்பாலும் அதேதான். ஐரோப்பிய ஒன்றியத்தில், தலையில் பூசும் கலவையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ துளி தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லி ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருக்கிறது. செய்கிறவர்கள் மிகக் குறைவு.

நெற்றியிலும் காதிலும் கறை

இது பெரிய விஷயமில்லை. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் பாதி போய்விடும். மேக்கப் ரிமூவரும் உதவும். மிச்சம் இரண்டு மூன்று நாளில் தோல் உதிரும்போது தானாகப் போகும். நெயில் பாலிஷ் ரிமூவர், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அடுத்த தடவை டை கலக்கும் முன்பே முடி விளிம்பு முழுக்க வாசலைன் தடவிக்கொள்ளுங்கள். வாசலைன் முடியில் ஏறக் கூடாது, ஏறிய இடத்தில் டை பிடிக்காது.

மற்றதெல்லாம் பிடித்தது, நரை மட்டும் அப்படியே நிற்கிறது

காதோரமும் நெற்றி விளிம்பும்தான் எப்போதும் முரண்டு பிடிக்கும் இடங்கள். பல பேருக்கு நரை முடி சற்று முரட்டுத்தனமாக, மேல்தோல் இறுக்கமாக இருக்கும், டை உள்ளே நுழைய நேரம் பிடிக்கும். டை ஏன் பிடிக்கவில்லை என்பதற்குப் பின்வருவனவற்றில் ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

சீக்கிரம் கழுவிவிட்டீர்கள். நரைக்கு, பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தின் மேல் எல்லை வரை வைக்க வேண்டும். பின்தலையில் ஆரம்பித்துக் கடைசியில் காதோரத்துக்கு வந்தால், முரட்டு முடிக்குத்தான் குறைந்த நேரம் கிடைத்திருக்கும். முதலில் நரைக்குப் பூசுங்கள். இல்லையென்றால் டையை மிச்சம்பிடித்து மெல்லிசாக இழுவியிருப்பீர்கள். நரையில் டை தடிமனாக உட்கார வேண்டும்.

ஷேடும் காரணமாக இருக்கலாம். பர்கண்டி, சிவப்பு, செம்பு போன்ற ஷேடுகள் தனியாக நரையை மூடாது, வெள்ளை முடியில் பளீரென்று பிங்க்காகவோ ஆரஞ்சாகவோ நிற்கும். பார்லரில் இவற்றோடு அதே ஆழத்திலுள்ள, அதாவது அதே அளவு அடர்த்தியான, இயற்கை ஷேடைப் பாதிக்குப் பாதி கலப்பது அதனால்தான். அப்புறம் எண்ணெய். தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு டை போட்டால் அது வழுக்கிக்கொண்டு போகும். முந்தின நாள் தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போடாமல், உலர்ந்த முடியில் பூசுங்கள்.

இப்போது என்ன செய்வது? இரண்டு நாள் விட்டு, அதே ஷேடை 6 சதவீத டெவலப்பரோடு, அதாவது 20 வால்யூமோடு, விட்டுப்போன இடத்தில் மட்டும் சின்ன பிரஷ்ஷால் வையுங்கள். தலை முழுக்க மறுபடி இழுவினால் பிடித்த முடி மேலும் கறுத்து, அடுத்த தலைப்பில் வந்து நிற்பீர்கள்.

கரிக்கறுப்பாகிவிட்டது

டை அடித்தது பத்தடி தூரத்திலேயே தெரியும் அந்தத் தட்டையான கறுப்பு. நம் ஊரில் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான், ஆண்களிடம் மீசையோடு சேர்ந்து இன்னும் எடுப்பாகத் தெரியும். நம் இயற்கை முடி கறுப்பாகத் தெரிந்தாலும் வெயிலில் பிடித்துப் பார்த்தால் பழுப்பு இழையோடும். 1 என்ற எண் போட்ட டையில் அது கிடையாது (பெட்டியில் உள்ள எண் 1 கறுப்பில் தொடங்கி 10 மிக வெளிர் வரை போகும்). 50 வயது முகத்துக்கு மேல் 3 (அடர் பழுப்பு) அல்லது 4 (நடுப் பழுப்பு) ஷேடை வைத்தாலே போதும், அதுதான் இயல்பான கறுப்பாகத் தெரியும்.

முதலில் இரண்டு நாள் பொறுங்கள். போட்ட அன்றைக்கு நிறம் எப்போதும் தூக்கலாகவே தெரியும், இரண்டு மூன்று குளியலில் கொஞ்சம் தணியும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பொடுகு ஷாம்புவோ, பிசுக்கு நீக்கும் ஷாம்புவோ போட்டு வெதுவெதுப்பான நீரில் நுரையை ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள், அடுத்தடுத்த நாட்களில் சில தடவை. டை போட்ட முதல் சில நாட்களில்தான் இது நன்றாக வேலை செய்யும். விட்டமின் சி மாத்திரையைப் பொடித்து ஷாம்புவில் குழைத்துப் போடுவதும் உண்டு. கழுவினால் போகும் வகைக் கலர்களில் அது ஓரளவு பலன் தரும், நிரந்தரக் கறுப்பில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஷாம்பு வழியில் அதிகபட்சம் ஒரு படி இறங்கும், அவ்வளவுதான்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் கலர் ரிமூவர். ப்ளீச் கலக்காத, சல்பைட் வகை ரிமூவரைத்தான் சொல்கிறேன். டை முடிக்குள் ஆக்சிஜனேற்றத்தால் பெரிய மூலக்கூறாக மாறியிருக்கும். இது அந்த வேதிவினையைத் திருப்பிச் சின்னதாக்கும், சின்னதானதைத் தண்ணீரில் கழுவி வெளியேற்ற வேண்டும். அழுகிய முட்டை வாடை வரும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் கழுவுவது. அட்டையில் பத்து நிமிடம் அலசச் சொன்னால் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் அலச வேண்டும். சரியாகக் கழுவாவிட்டால் உள்ளேயே தங்கிய துணுக்குகள் காற்றுப்பட்டு மறுபடி சேர்ந்து ஓரிரு நாளில் பழையபடி கறுத்துவிடும். அப்புறம் 'ரிமூவர் சுத்த ஏமாற்று வேலை' என்பார்கள். கறுப்பு போனதும் உள்ளே செம்பு நிறம் தெரியும். அது ரிமூவர் செய்த கோளாறு இல்லை, டெவலப்பர் முன்பே வெளுக்க வைத்த உங்கள் சொந்த முடி அது.

மருதாணியையும் அவுரியையும் இது அசைக்காது. பொடி டையில் மருதாணியும் கலந்திருந்தால் பாதிதான் இறங்கும். சமையல் சோடா, பாத்திரச் சோப்பு, துணிக்குப் போடும் ப்ளீச் ஆகியவற்றைத் தலைக்குக் கொண்டுவராதீர்கள். மீசை கறுத்துவிட்டதா? கத்தரிக்கோல் போதும், இரண்டு மூன்று வாரத்தில் புது மீசை வந்துவிடும்.

வேர் மட்டும் செம்பாக ஜொலிக்கிறது, கீழே கறுப்பு

கறுப்பு டை போட்டுக்கொண்டிருந்தவர் பழுப்புக்கு மாறினால் இதுதான் நடக்கும். டை படாமல் புதிதாக வளர்ந்த முடி வேரோரம் வெளுத்துப் பழுப்பை ஏற்றுக்கொண்டது. கீழே இருக்கும் பழைய கறுப்பு, மேலே சொன்ன சட்டைக் கதைப்படி, அப்படியே நின்றது. டை போடாத தலையிலும் இது வரும். உச்சந்தலையின் சூடு வேரோரத்து டையை வேகப்படுத்தும், வேரிலிருந்து ஒரு விரல்கடை தூரம் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று ஆகிவிடும்.

திருத்துவது சுலபம், ஆனால் எதிர்த்திசையில். கீழ் முடியை வெளுக்க வைத்து வேருக்குச் சமமாக்கப் போகாதீர்கள். வேரைக் கீழுக்குச் சமமாக்குங்கள். கீழ் முடியின் ஆழத்தில், சாம்பல் சாயல் உள்ள ஷேடை எடுங்கள். பல கம்பெனிகளில் புள்ளிக்குப் பின்னால் 1 போட்டிருப்பது சாம்பல், 3 தங்கம், 4 செம்பு. அதாவது 4.1 என்றால் சாம்பல் சாயலுள்ள நடுப் பழுப்பு. 3 சதவீத, அதாவது 10 வால்யூம் டெவலப்பரில் கலந்து ஜொலிக்கும் பட்டையில் மட்டும் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், நிறம் ஒத்துவந்ததும் கழுவிவிடலாம். அட்டையில் போட்ட நேரம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இனிமேல் முழுத் தலைக்கு நிறம் மாற்றும்போது நடுமுடியில் ஆரம்பித்து, வேரைக் கடைசியில் பூசுங்கள். மாதாந்திர நரைத் திருத்தத்துக்கு இது பொருந்தாது, அதில் வேர் மட்டும்தான் வேலை. மாதாமாதம் நுனி வரை இழுவினால் நுனி அடுக்கடுக்காகச் சாயம் ஏறி, உயிரில்லாத கறுப்பாகிவிடும்.

ப்ளீச் போட்டேன், ஆரஞ்சாக நிற்கிறது

வழியில் எல்லோருக்கும் வரும் ஸ்டேஷன்தான் இது, நீங்கள் பாதியில் இறங்கிவிட்டீர்கள். முடியின் ஆழத்தை 1 முதல் 10 வரை அளக்கிறார்கள். 1 கறுப்பு, 10 மிக வெளிர். நம்மில் பெரும்பாலோர் 1-க்கும் 3-க்கும் நடுவில். அங்கிருந்து மேலே ஏறும்போது முதலில் சிவப்பு, 5-இல் சிவப்பு கலந்த ஆரஞ்சு, 6, 7-இல் ஆரஞ்சு, 8-இல் மஞ்சள் ஆரஞ்சு, 9-இல் மஞ்சள், 10-இல் வெளிர் மஞ்சள் என்றுதான் போகும். கறுத்த முடியிலிருந்து ஒரே உட்காரலில் 10-க்குப் போக நினைப்பது முடியைப் பணயம் வைப்பது.

ஆரஞ்சுக்கு எதிர் நீலம். மஞ்சளுக்கு எதிர் வயலெட். எல்லோரும் வாங்குவது வயலெட் ஷாம்பு, ஏனென்றால் இணையத்தில் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆரஞ்சுத் தலையில் அது ஒன்றும் செய்யாது, உங்களுக்கு வேண்டியது நீல ஷாம்பு. வாரம் ஒன்றிரண்டு முறை, சில நிமிடம் வைத்துக் கழுவினால் ஆரஞ்சு தணிந்து பழுப்புப் பக்கம் வரும். ஷாம்பு நிறத்தைச் சமன்செய்யுமே தவிர முடியை இன்னும் வெளிராக்காது.

நல்ல முடிவு வேண்டுமென்றால் வெளிர் ஆசையைத் தற்காலிகமாக விட்டுவிட்டு, அதே ஆழத்தில் அல்லது ஒரு படி அடர்த்தியில் ஒரு சாம்பல் பழுப்பை, 10 வால்யூமில், டோனராக, அதாவது சாயலை மட்டும் சமன்செய்யும் பூச்சாகப் போடுங்கள். 6-இல் நிற்கும் ஆரஞ்சுக்கு 6.1 அல்லது 5.1. அழகான பழுப்பு கிடைக்கும், முடியும் பிழைக்கும். நம் தோல் நிறத்துக்கு அந்தப் பழுப்பே வெளிர் மஞ்சளைவிடப் பொருத்தம் என்பது என் கட்சி.

மேலும் ப்ளீச் செய்தே தீர வேண்டுமென்றால் இரண்டு வாரமாவது இடைவெளி விட்டு, கீழே உள்ள ஜவ்வு சோதனையில் முடி தேறினால் மட்டும் செய்யுங்கள். 12 சதவீத, 40 வால்யூம் டெவலப்பரை வீட்டில் வேர் வரை கொண்டுபோகவே கூடாது, தலைத்தோல் வெந்துவிடும். திட்டுத்திட்டாக ஆகியிருந்தால் ஆரஞ்சுத் திட்டுகளில் மட்டும் ப்ளீச்சைத் தொட்டுவைத்துச் சமப்படுத்த வேண்டும். பின்தலையில் அதை நீங்களே செய்துகொள்ள முடியாது, பார்லர் வேலை அது.

பச்சை தட்டுகிறது

பச்சை மூன்று வழியில் வரும். வெளுத்து மஞ்சளான முடி மேல் நேராகச் சாம்பல் பழுப்பைப் போட்டால் வரும். சாம்பலில் இருப்பது நீலம், மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. ப்ளீச் செய்த முடியைத் திரும்பப் பழுப்பாக்கும்போது முதலில் செம்பு, தங்கச் சாயலால் அடித்தளம் போட்டுவிட்டு அதன் மேல்தான் பழுப்பு போட வேண்டும். ஏற்கெனவே பச்சையாகிவிட்டதென்றால் செம்பு சாயல் கொண்ட, கழுவினால் போகும் வகைக் கலர் ஒன்றைச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். சிவப்பு பச்சையை அடக்கும்.

நீச்சல் குளத்திலிருந்தும் வரும். குளோரின் மேல் பழியைப் போடுவார்கள், பச்சைக்குக் காரணம் தண்ணீரில் உள்ள செம்பு உலோகம். வெளுத்த ஹைலைட்ஸில்தான் தெரியும். உலோகத்தைக் கட்டி இழுக்கும் கீலேட்டிங் ஷாம்பு இதற்கு மருந்து, கலர் போட்டு மறைக்க வேண்டியதில்லை. குளத்தில் இறங்கும் முன் தலையை நல்ல தண்ணீரில் நனைத்துக் கண்டிஷனர் தடவிக்கொண்டால் குளத்துத் தண்ணீர் அவ்வளவாக உள்ளே ஏறாது.

மூன்றாவது அவுரி. அது கீழே.

மருதாணி, அவுரி விவகாரங்கள்

நரையில் மருதாணி மட்டும் போட்டால் ஆரஞ்சுதான் வரும். மருதாணியின் சாயப்பொருளான லாசோன் முடியின் புரதமான கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும், முடியை வெளுக்க வைக்காது. கறுத்த முடியில் வெறும் செந்நிழல், வெள்ளை முடியில் தீ. கழுவிய கையோடு பார்த்துப் பயப்படாதீர்கள், இரண்டு மூன்று நாளில் காற்றுப்பட்டு அடர்ந்து செம்பழுப்பாகும்.

அப்போதும் பிடிக்காவிட்டால் மேலே அவுரி போட வேண்டும். அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில், ஒரு சிட்டிகை உப்போடு கலக்கி, 10, 15 நிமிடத்தில் தலைக்கு ஏற்றிவிடுங்கள். மருதாணியைப் போல ராத்திரி முழுக்க ஊறவைத்தால் அவுரி செத்துவிடும். எலுமிச்சைச் சாறு, தயிர் போன்ற புளிப்பு மருதாணிக்கு ஆகும், அவுரிக்கு ஆகாது. ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து வெறும் தண்ணீரில் அலசுங்கள், இரண்டு நாள் ஷாம்பு வேண்டாம். 'அவுரி பிடிக்கவே இல்லை' என்பவர்களில் பாதிப் பேர் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து ராத்திரி ஊறவைத்தவர்கள், மீதிப் பேர் பழைய பொடி வாங்கியவர்கள். நல்ல பொடி பச்சையாக இருக்கும், குழைத்துவைத்தால் சற்று நேரத்தில் மேற்பரப்பு நீலம் பாயும்.

மருதாணி இல்லாமல் நரையில் அவுரி மட்டும் போட்டால் பச்சையோ நீலமோ தட்டும். இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள், ஆரம்பப் பச்சை பெரும்பாலும் நீலக்கறுப்பாக மாறும். மாறவில்லை என்றால் மேலே மருதாணி ஒரு தடவை போடுங்கள், அதன் செம்மை பச்சையை விழுங்கிவிடும்.

இரும்புச் சட்டியில் டீ டிகாக்‌ஷன் ஊற்றி மருதாணி ஊறவைக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. டீயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பு கூடும், அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தலையில் பிறகு ப்ளீச்சோ க்ரீம் டையோ போட நினைத்தால் கவனம். உலோகம் பெராக்சைடைத் தாறுமாறாகச் சிதைக்கும், முடி சூடாகும், சில சமயம் கற்றையாக அறுந்து கையில் வரும். கலப்படப் பொடிகளில் உலோக உப்பு இருந்தாலும் இதே கதிதான். சீப்பில் வந்த முடியைச் சேர்த்து நூலால் கட்டி, போடப்போகும் கலவையில் கொஞ்சத்தை மூடாத கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து அரை மணி முக்கிவையுங்கள். சூடேறினாலோ, நுரைத்தாலோ, முடி நைந்தாலோ அந்தத் தலைக்கு ரசாயனம் வேண்டாம். அவுரி ஏறிய முடியை ப்ளீச் செய்தால் பச்சையாக நின்றுபோவதும் உண்டு, அதை வீட்டில் தொடாதீர்கள்.

ஒரே வாரத்தில் சிவந்து வெளுத்துவிட்டது

சாயம் இறங்கியதும், டெவலப்பர் வெளுக்க வைத்த செம்பு அடித்தளம் வெளியே தெரிகிறது. வெந்நீர்க் குளியல், தினமும் ஷாம்பு, வெயில், போர் தண்ணீரின் உப்பு எல்லாம் இதை வேகப்படுத்தும். கடின நீர் உள்ள பகுதிகளில் கடைசி அலசலுக்காவது ஒரு வாளி நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். கழுவினால் போகும் வகைக் கலர் போட்டவர்களுக்கு எண்ணெய்க் குளியலும் நிறத்தைக் கொண்டுபோகும், இஷ்டப்பட்டுப் போட்ட நீலம் தீபாவளிக் குளியலோடு போய்விட்டதே என்று வருத்தப்படக் கூடாது. திருத்த வேண்டுமென்றால் 10 வால்யூமில் சாம்பல் டோனர் போதும். 20, 30 என்று டெவலப்பரை ஏற்றினால் அடித்தளம் இன்னும் வெளுத்து, அடுத்த மாதம் இன்னும் சிவக்கும்.

முடி ஜவ்வாக இழுபடுகிறது, அறுகிறது

ஒற்றை முடியை நனைத்து இரு விரலால் மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்கு வந்தால் நல்ல முடி. நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் அறுந்தால் உள்ளே கட்டமைப்பு போய்விட்டது. இழுத்ததும் பட்டென்று அறுந்தால் ஈரப்பதம் இல்லை, கண்டிஷனரும் எண்ணெயும் கொடுத்து ஓரளவு தேற்றலாம்.

ஜவ்வு முடிக்கு எந்த நிறமும் வேண்டாம், நரை தெரிந்தாலும் பரவாயில்லை. பிணைப்பைச் சீர்செய்யும் சிகிச்சைகள் கடையிலும் பார்லரிலும் கிடைக்கின்றன. முடி உதிராமல் காலம் தள்ள அவை உதவும், பழைய முடியைத் திருப்பித் தராது. ஈரத்தில் சீவாதீர்கள், இறுக்கிப் பின்னாதீர்கள், ஸ்ட்ரெயிட்னரை எடுத்து உள்ளே வையுங்கள், நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். முட்டை, வெந்தயம் அரைத்துப் போட்டால் மேலே பளபளப்பு வரும், உடைந்த உள்கட்டு ஒட்டாது. தலைத்தோலில் கொப்புளமோ புண்ணோ இருந்தால் பார்லருக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

நாளைக்கு முகூர்த்தம் என்றால்

இன்று ராத்திரி எதையும் திருத்த வேண்டாம். வேரோர நரைக்கும் செம்புக்கும் வேர் மறைக்கும் பவுடரோ ஸ்ப்ரேயோ போதும், ஷாம்புவில் போய்விடும். வகிட்டை நேர்க்கோடாக எடுக்காமல் வளைத்தெடுத்தால் நிறப் பட்டை பாதி மறையும். பின்தலைத் திட்டுக்குக் கொண்டையும் மல்லிகையும் இருக்கின்றன.

பார்லரில் கேட்க வேண்டியவை

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செண்டிமீட்டர் வளரும். இடுப்பு வரை முடி உள்ளவர்களுக்கு நுனி ஐந்து வருஷத்துக்கு மேல் பழசு. மூன்று வருஷத்துக்கு முன் போட்ட மருதாணியும் அதற்கு முந்தின ஸ்ட்ரெயிட்னிங்கும் இன்னும் அங்கேயேதான் இருக்கும். 'சமீபத்தில் எதுவும் போடவில்லை' என்று சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள், பாக்கெட்டையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவையும் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் உங்கள் முடிக்குத்தான்.

ஒரு கற்றையில் முதலில் போட்டுப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். எத்தனை தடவை வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, நடுவில் எத்தனை வாரம் இடைவெளி என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். கரிக்கறுப்பு டை ஏறிய தலையை ஒரே நாளில் தேன் நிறமாக்கித் தருகிறேன் என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். மூன்று தடவை ஆகும், நுனியில் நாலு விரல்கடை வெட்ட வேண்டியிருக்கும் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற அக்காவிடம் தலையைக் கொடுங்கள்.